மலையோர விவசாயிகளுக்கு ஒரு திறந்த மடல்: மனுவில் துப்பாக்கி வேண்டாம்

அன்புள்ள மலையோர விவசாயச் சொந்தங்களே,

பத்துகாணி, ஆறுகாணி, கடையாலுமூடு, களியல், அருமனை, பேச்சிப்பாறை என்று கன்னியாகுமரி மாவட்டத்து நம் மலையோர ஊர்களில் ஒரு மனு சுற்றி வருகிறது. நாகர்கோவிலில் நடக்கும் அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கப் போகிறார்களாம். காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க விவசாயிகளுக்குத் துப்பாக்கி உரிமம் தாராளமாக வழங்க வேண்டும் என்பது அதில் முதல் கோரிக்கை. என் வீட்டுக்கும் வந்தது. கொண்டுவந்த தம்பிகள் எனக்கு வேண்டியவர்கள். "நீங்க பட்டாளத்துல இருந்தவரு அண்ணா, உங்க கையெழுத்து மேல இருந்தா ஒரு மதிப்பு" என்றார்கள். நான் போடவில்லை. பட்டாளத்தில் இருந்ததால்தான் போடவில்லை. வாசலில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லாததால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

பன்றித் தொல்லையை நான் சின்னதாக நினைக்கவில்லை. எனக்கும் விளை (தோட்டம்) இருக்கிறது. மரச்சீனி (மரவள்ளி) கிழங்கு பிடிக்க எட்டு மாதம், பத்து மாதம் ஆகிறது. தாயும் குட்டியுமாக ஒரு கூட்டம் இறங்கினால் ஒரே இரவில் ஒரு மூடு செடி மிச்சம் இருக்காது. தின்பதை விடத் தோண்டிப் போடுவது அதிகம். ஏத்தன் வாழை, சேனை, காய்ச்சில், சேம்பு எதையும் விடுவதில்லை. ரப்பர் கன்றின் அடியையும் கிளறிவிடுகிறது. எங்கள் ஊரில் ஒரு அக்கா மகளிர் குழுவில் கடன் எடுத்து, பாட்டத்துக்கு (குத்தகைக்கு) நிலம் பிடித்துக் கிழங்கு நட்டிருந்தார். விடிந்து போய்ப் பார்த்தால் விளை முழுக்க உழுது போட்டதுபோல் கிடந்தது. அந்த அக்கா அழவில்லை. குழுவுக்கு இந்த வாரம் எப்படிக் கட்டுவேன் என்று மட்டும் கேட்டார். இழப்பீடு கேட்டு எழுதிக் கொடுத்தால் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கிறது. வரும் தொகை நட்ட கூலிக்குக்கூடக் காணாது. ஆக, உங்கள் கோபத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. அந்த மனுவில் உள்ள மற்றக் கோரிக்கைகள் எல்லாவற்றுக்கும் இரண்டு கையாலும் கையெழுத்துப் போடுவேன். முதல் கோரிக்கைதான் என்னால் முடியாதது.

மனுவில் ஒரு வரி இருக்கிறது: கேரளத்தில் விவசாயிகளுக்குத் துப்பாக்கி கொடுத்துவிட்டார்கள், நமக்கு மட்டும் இல்லை என்று. பனச்சமூட்டில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மாநிலம், இந்தப் பக்கம் ஒரு மாநிலம் என்று வாழ்கிறவர்கள் நாம். அதனால் இந்தப் பேச்சு எளிதாகப் பரவிவிட்டது. நடந்தது வேறு. 2022-இல் கேரள அரசு செய்தது, உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கௌரவ வன உயிரினக் காப்பாளர் என்ற அதிகாரத்தைக் கொடுத்ததுதான். பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அவர் உத்தரவிடலாம். சுடுகிறவர் ஏற்கெனவே உரிமம் உள்ளவராக, அதற்கென்று பட்டியலில் சேர்க்கப்பட்டவராக இருக்க வேண்டும். விஷம், வெடி, மின்சாரம் மூன்றும் அங்கேயும் கூடாது. வீட்டுக்கு வீடு துப்பாக்கி என்று எந்த உத்தரவும் அங்கே போடப்படவில்லை.

நம் பக்கத்துச் சட்டத்தையும் பார்த்துவிடலாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்காக மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடம் கொடுக்கிறது. அதை வைத்துத்தான் மனு எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த உரிமம் துப்பாக்கியை வைத்திருக்க மட்டுமே. பன்றியைச் சுட அது போதாது. காட்டுப்பன்றி 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கும் விலங்கு. அனுமதி இல்லாமல் சுட்டால் உரிமம் உள்ள துப்பாக்கியோடு வன வழக்கில் மாட்டுவீர்கள். அப்படியானால் மனு கேட்டபடியே எல்லாம் கிடைத்தாலும் நம் கையில் இருக்கப்போவது என்ன? பன்றி மேல் எடுக்க முடியாத ஒரு துப்பாக்கி, இரவும் பகலும் வீட்டுக்குள். அது பன்றி மேல் பாயாவிட்டால் வேறு யார் மேல் பாயும் என்று நாம் யோசிக்க வேண்டாமா?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நம் மாவட்டம் எப்படிப்பட்ட நிலம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பில் இங்கே மக்கள்தொகை 18,70,374. சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டின் சராசரி 555. அதாவது மாநிலச் சராசரியைப் போல் இரண்டு மடங்கு நெருக்கத்தில் வாழ்கிறோம், அதுவும் காட்டை ஒட்டி. மற்ற மாவட்டங்களில் ஊர் ஓரிடத்தில் இருக்கும், வயல் தள்ளி இருக்கும். நம் மலையோரத்தில் விளைக்குள் வீடு, வீட்டை ஒட்டி அடுத்தவர் விளை, அதற்குள் அவர் வீடு. மேட்டில் ஒரு வீடு, பள்ளத்தில் ஒரு வீடு, நடுவில் ஒற்றையடிப் பாதை. பன்றி நிற்கும் இடத்துக்குப் பின்னால் எப்போதும் யாராவது குடியிருக்கிறார்கள்.

ராணுவத்தில் சுடும் தளத்துக்குக் கூட்டிப் போனால், துப்பாக்கியைக் கையில் கொடுக்கும் முன் எவ்வளவு வேலை நடக்கும் தெரியுமா? நான்கு பக்கமும் சிவப்புக் கொடி. வழி நெடுகக் காவல். இலக்குக்குப் பின்னால் ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு உயரமான மண்மேடு. உத்தரவு இல்லாமல் விரல் விசைமேல் போகக்கூடாது. சுட்டு முடித்த பின் காலித் தோட்டாவைப் பொறுக்கி எண்ணிக் கணக்குக் கொடுக்க வேண்டும். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே என்பதுதான் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது. பட்டப்பகலில், வெட்டவெளியில், மண்மேட்டை நோக்கிச் சுடுவதற்கே இத்தனை கட்டுப்பாடு. நாம் கேட்பது இரவில், மேடும் பள்ளமுமான விளையில், டார்ச் வெளிச்சத்தில், ஓடுகிற விலங்கைச் சுட.

அந்த நேரத்தில் விளையில் யார் இருப்பார்கள்? ரப்பர் மரத்தில் பால் வெட்டும் நம் பால்வெட்டுக்காரர்கள். வெயில் ஏறினால் பால் வரத்து குறைந்துவிடும் என்பதால் கோழி கூவும் முன்பே, இரண்டு மணி மூன்று மணிக்கே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் குனிந்தும் நிமிர்ந்தும் போகிறார்கள். ஆணும் போகிறார்கள், பெண்ணும் போகிறார்கள். கணவன் வெட்ட, மனைவி சிரட்டை துடைத்துக் கொடுத்துப் பின்னால் போகும் குடும்பங்கள் எத்தனை. என் மைத்துனரும் பால்வெட்டுக்காரர்தான். பன்றி இறங்குவதும் அதே நேரம், அதே விளை. சருகு அசைகிறது, தாழ்வாக ஏதோ நகர்கிறது, காவலுக்கு இருக்கிறவர் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறார், போன வாரம் பறிகொடுத்த கோபமும் மனதில் இருக்கிறது. அந்த நொடியில் அவர் கையில் குழல் இருந்தால் என்ன ஆகும்?

இது என் கற்பனைப் பயம் என்று யாராவது சொல்லலாம். 2021 நவம்பரில் வயநாட்டில் கம்பளக்காடு பக்கம் நெல்வயலில் பன்றிக்குக் காவல் போன ஒருவர் குண்டு பட்டு இறந்தார். பன்றி என்று நினைத்துச் சுட்டதாக வழக்கு. அவரும் நம்மைப் போல விவசாயம் காக்கப் போனவர், சுட்டவர்களும் வயல் பக்கத்து ஆட்கள். துப்பாக்கி மட்டுமா? 2025 ஜூனில் நிலம்பூர் பக்கம் வழிக்கடவில் பன்றிக்காகக் கள்ளத்தனமாக இழுத்த மின்கம்பி, மீன் பிடிக்கப் போன ஒரு பள்ளி மாணவனின் உயிரை எடுத்தது. 2020-இல் பாலக்காட்டில் வெடி வைத்த காயைக் கடித்து, சினையாக இருந்த யானை ஆற்றுக்குள் நின்றபடியே செத்ததை நாடே பார்த்தது. பன்றிக்கு என்று வைக்கும் எதுவும் பன்றிக்காகக் காத்திருப்பதில்லை.

பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். 2012 பிப்ரவரி 15 அன்று கடலில் நடந்ததை நம் மாவட்டம் மறக்க முடியுமா? நம் மாவட்டத்து இளைஞர் ஒருவரும் கொல்லத்து மீனவர் ஒருவரும் இத்தாலியக் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்களால் சுடப்பட்டு இறந்தார்கள். கடற்கொள்ளையர் என்று நினைத்தோம் என்பது சுட்டவர்கள் தரப்பு. சுட்டது முழுநேரப் பயிற்சி பெற்ற வீரர்கள். சாயங்கால வெளிச்சம் இருந்தது. நடுவே மரமும் மேடும் மறைக்காத திறந்த கடல். அப்படியிருந்தும் மீன்பிடிப் படகு அவர்களுக்குக் கொள்ளையர் படகாகத் தெரிந்திருக்கிறது. 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டி, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு முடித்து வைக்கப்பட்டது. இரவு இரண்டு மணிக்கு ரப்பர் மரங்களுக்கு நடுவில், உரிமத்துக்காக ஒரு சான்றிதழ் வகுப்புக்குப் போய்வந்த ஒருவருடைய கண்ணை நான் எப்படி நம்புவேன்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். வீட்டில் துப்பாக்கி இருந்தால் அது பன்றி வரும் ராத்திரி மட்டும் இருக்காது. வழித் தகராறு நடக்கும் நாளிலும் இருக்கும். அண்ணன் தம்பி சொத்துப் பாகம் பிரிக்கும் நாளிலும் இருக்கும். குடித்துவிட்டு வரும் நாளிலும் இருக்கும். கடன்காரன் வாசலில் வந்து கேட்டுவிட்டுப் போன இரவிலும் இருக்கும். நம் ஊர்ச் சண்டைகளில் இப்போது கம்பும் வெட்டுக்கத்தியும் எடுக்கிறார்கள், அதுவே கொடுமை. ஆனால் கம்போடு வருகிறவனை நாலு பேர் பிடிக்க முடிகிறது. துப்பாக்கிக்கு முன்னால் விலக்கப் போகிறவர் யார்?

நம் பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே எல்லார் வீட்டிலும் துப்பாக்கி இருக்கிறது, நாடு நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு பேச்சு இந்த மனுவோடு சேர்ந்து வருகிறது. 2021-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,000-க்கும் மேற்பட்டோர் தங்கள் உயிரைத் தாங்களே எடுத்துக்கொண்டவர்கள். கொலையானவர்களைவிட அவர்கள்தான் அதிகம். பள்ளிக்கூடத்தில் சுட்ட செய்திதான் நமக்கு டிவியில் வருகிறது. 2022 மே மாதம் டெக்சாஸில் யுவால்டி என்ற ஊரில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டதைப் பார்த்து நாமும் அழுதோம். சுட்டவன் 18 வயதுக்காரன், துப்பாக்கியைக் கடையில் சட்டப்படி வாங்கியவன். டிவிக்கு வராத பெரும்பாலான சாவுகள் பூட்டிய அறைக்குள் ஒற்றை ஆளாக நடப்பவை. அங்கே 1791-இல் எழுதிய அரசியலமைப்புத் திருத்தம் துப்பாக்கியை உரிமையாக்கி வைத்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு துயரத்துக்குப் பிறகும் கட்டுப்பாடு வேண்டும் என்கிறவர்களும் உரிமையில் கை வைக்காதே என்கிறவர்களும் மோதி, பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். நம் நாட்டில் அது உரிமையாக இல்லை, அரசு கொடுக்கும் அனுமதியாக இருக்கிறது. நமக்குக் கிடைத்திருக்கும் இந்த நல்ல நிலையை நாமே போய் மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டுமா?

மனதில் பாரத்தோடு இருக்கிறவர் கையெட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விவசாயிகளான நமக்குத் தெரியும். பக்கத்து இலங்கையில் கடும் நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1990-களின் நடுவில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே வந்தது. அங்கே கடன் தீர்ந்துவிடவில்லை, கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. அந்த ஒரு இரவைத் தாண்டிவிட்டால் மறுநாள் யாராவது பேசிப் பிழைக்க வைக்க முடிகிறது. துப்பாக்கி அந்த மறுநாளைக் கொடுக்காது. நம் ஊரில் யாராவது சோர்ந்து ஒதுங்கி இருக்கிறார்கள் என்றால், தயவுசெய்து அவர்களைத் தனியே விடாதீர்கள், பேசுங்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

விவசாயி துப்பாக்கி வைத்திருக்கும் நாடு இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தர் என்ற இடத்தில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். இரண்டு வாரத்துக்குள் நாடு முழுவதற்கும் ஒரே சட்டத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். தானாக அடுத்தடுத்துச் சுடும் வகைகளைத் தடை செய்து, அரசு காசு கொடுத்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை வாங்கி உருக்கியது. அங்கேயும் விவசாயிகள் எதிர்த்தார்கள். இன்றும் அங்கே பயிரையும் ஆட்டையும் காக்க விவசாயிக்கு உரிமம் கிடைக்கும். ஆனால் காரணத்தை நிரூபிக்க வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், ஒவ்வொன்றும் பதிவில் இருக்க வேண்டும். அவர்கள் பண்ணை எவ்வளவு பெரியது என்று யோசியுங்கள். அடுத்த வீட்டைப் பார்க்க வண்டியெடுத்துப் போக வேண்டிய நிலம் அது. முப்பது சென்ட் விளைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

காந்தியே ஆயுதச் சட்டத்தை எதிர்த்தார் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் மனுவோடு அனுப்பப்படுகிறது. வெள்ளையர் ஆட்சி செய்த கொடுமைகளில் ஒரு தேசத்தையே நிராயுதபாணி ஆக்கியது மிகக் கறுப்பானது என்ற கருத்தை அவர் எழுதியது உண்மை. எழுதியது 1918-இல், உலகப்போருக்குப் படைக்கு ஆள் சேர்க்கும் துண்டறிக்கையில். வெள்ளையருக்கு ஒரு நியாயம், இந்தியருக்கு ஒரு நியாயம் என்று இருந்த 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியது அது. அந்தச் சட்டம் போய், நம் நாடாளுமன்றமே வேறு சட்டம் இயற்றியாயிற்று. அவர் பெயரைச் சொல்கிறவர்கள் கன்னியாகுமரியில் அவர் அஸ்தி வைக்கப்பட்ட இடத்தில் எழுப்பிய மண்டபத்துக்கு ஒருமுறை போய்விட்டு வரட்டும். அவர் உயிர் போனது ஒரு கைத்துப்பாக்கியால்.

சரி, இனி நம் வீடுகளில் ஏற்கெனவே இருப்பவற்றைப் பற்றி. யார் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் மலையோரத்தில் இருக்கின்றன. தாத்தா காலத்தில் வந்தது, பரணில் கிடக்கிறது, ஓலைக்குள் சொருகியிருக்கிறது. அதை எடுத்து வைத்திருப்பவருக்கே அது ஆபத்து. குழாயைக் குழலாக்கிச் செய்தது, மருந்து கூடினால் முகத்துக்கு நேரே வெடிக்கும். சட்டமும் இப்போது முன்போல் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமின்றி வைத்திருந்தாலே இரண்டு ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரை சிறை. செய்து விற்கிறவருக்கு ஏழு ஆண்டிலிருந்து ஆயுள் வரை. பன்றிக்கென்று செய்து கொடுக்கும் பட்டறை, காசு கொடுத்தால் யாருக்கும் செய்து கொடுக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அது வேறு வகை வழக்கு, நம் விளைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கியை எர்ணாகுளத்தில் பேருந்து நிலையம் பக்கத்து ஓடையிலிருந்துதான் எடுத்தார்கள். உரிமமில்லாத ஆயுதத்துக்கு ஊரும் எல்லையும் கிடையாது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மலையோர ஊர்களில் வனத்துறையும் காவல்துறையும் ஊர் ஊராக அறிவித்து, தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று உறுதி கொடுத்துப் பல நாட்டுத் துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள். அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் ஏர்கன்னை ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கி, ஆயிரத்துக்கும் மேல் திரும்பி வந்தன. நம் மாவட்டத்திலும் இதைச் செய்யச் சொல்லி நாமே கேட்கலாம். காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளில் உள்ளவர்களை இதைச் சாக்காக வைத்து யாரும் மிரட்டக் கூடாது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் முதலில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டும் பழக்கம் அதிகாரிகளுக்கு இருக்கிறது, அது எனக்கு எப்போதும் கோபம் தரும்.

அப்புறம் பன்றிக்கு என்னதான் வழி என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி அது.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவெடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடுகிறவர் அரசின் ஆள், பொறுப்பு அரசுடையது என்ற அளவில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் பத்துகாணி, ஆறுகாணி, பேச்சிப்பாறைக்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் 3 கிலோமீட்டர் எங்கே இருக்கிறது? பன்றி நிறைய இறங்கும் இடத்தில் உத்தரவு கைவிரிக்கிறது. நாம் அடித்துப் பேச வேண்டிய இடம் இதுதான். பிடிக்கும் கூண்டுகள் ஒவ்வொரு ஊருக்கும் வேண்டும், அவை காட்சிக்கு நிற்காமல் வாரா வாரம் இடம் மாற்றி வைக்கப்பட வேண்டும். சுட்டே ஆக வேண்டிய இடத்தில் வனத்துறையின் பயிற்சி பெற்ற குழு வரட்டும். முந்தின நாளே ஊருக்கு அறிவிக்கட்டும், அந்த இரவு அந்தப் பகுதியில் பால்வெட்டு நிறுத்தப்படட்டும், வெட்டு இழந்தவர்களுக்கு அன்றைய கூலியை அரசு கொடுக்கட்டும். பால்வெட்டுக் கூலியை இழப்பீட்டில் சேர்க்கச் சொல்லி இதுவரை ஒரு மனுவும் நான் பார்த்ததில்லை.

சோலார் வேலியை எல்லாரும் சேர்ந்து போட்டால்தான் பலன். ஒருவர் போட்டால் பன்றி அடுத்தவர் விளைக்குப் போகும், நமக்குள் மனக்கசப்புதான் மிஞ்சும். முறையாகப் போட்ட சோலார் வேலி விட்டு விட்டு ஒரு கணம் அதிர்ச்சி கொடுத்து விலக்குமே தவிர ஆளைப் பிடித்து வைக்காது. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம். இரண்டும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வேலிக்குப் பதிவும் அனுமதியும் வேண்டும் என்று 2023-இல் விதி வந்திருக்கிறது. நாலைந்து ஊர் சேர்ந்து ஒரே வேலியாக விண்ணப்பித்தால் ஒரே தடவையில் முடியும். பராமரிக்க ஒரு ஆளை நாம் சம்பளத்துக்கு வைக்கலாம். வேலிக்கு அடியில் புல் வளர்ந்து தொட்டுவிட்டால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், அதைக் கவனிக்க ஆளில்லாமல்தான் பல வேலிகள் வெறும் கம்பியாக நிற்கின்றன.

இழப்பீட்டுக்கும் ஒரு கெடு வேண்டும். எழுதிக் கொடுத்த இத்தனை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், இத்தனை நாளுக்குள் பணம் கணக்கில் ஏற வேண்டும் என்று. பாட்டத்துக்குப் பயிர் செய்கிறவருக்குப் பட்டா இல்லை என்று கை கழுவக் கூடாது. முதலில் சொன்னேனே, அந்த அக்காவுக்கு ஒன்றும் கிடைக்காமல் போனது அதனால்தான்.

நான் பட்டாளத்திலிருந்து வந்த பிறகு வங்கியில் காவலர் வேலை பார்த்தேன். அதற்கு உரிமம் எடுத்து 12 போர் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கி வருவேன். அந்த நாட்களில் என் மனைவி நிம்மதியாகத் தூங்கியதை நான் கவனித்திருக்கிறேன். வேலை முடிந்ததும் முறைப்படி எழுதிக் கொடுத்துத் துப்பாக்கியையும் உரிமத்தையும் விட்டுவிட்டேன். இப்போது என் விளையில் பன்றி இறங்கும் ராத்திரிகளில் அது கையில் இல்லையே என்று எனக்குத் தோன்றியதில்லை. கீழே பள்ளத்தில் யாராவது ஒருவர் தலையில் லைட்டோடு மரத்தைச் சுற்றி நடந்துகொண்டிருப்பார் என்பதுதான் நினைவுக்கு வரும்.

மனுவைச் சுமக்கும் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். முதல் கோரிக்கையை எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில் 3 கிலோமீட்டர் விதியை நம் மாவட்டத்துக்கு ஏற்பத் திருத்துவது, ஊருக்கு ஊர் கூண்டு, சுடும் இரவில் பால்வெட்டுக் கூலி, கூட்டு வேலி, கெடு வைத்த இழப்பீடு, வழக்கில்லாமல் நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்க ஒரு மாத அவகாசம் ஆகியவற்றை எழுதுங்கள். பால்வெட்டுத் தொழிலாளர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். பழைய மனுவில் அவர்கள் பெயர் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. திருத்தி எழுத ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம். முதல் கையெழுத்து நான் போடுகிறேன். கூட்டத்தன்று நாகர்கோவிலுக்கு உங்களோடு நானும் வருகிறேன்.

அன்புடன்,
அருமனைப் பக்கத்து விவசாயி, முன்னாள் ராணுவத்தினன்